கீழ்வீட்டு மகாராணி, வயது தொண்ணூற்றொன்பது

"ஹலோ... ஹலோ, அக்கா?... நான்தான்க்கா... ஆமா, மாடியில இருக்கறவதான்... இல்ல இல்ல, கை பட்டுப் போன் வரல. உங்களுக்குத்தான் போட்டேன்... பாப்பா பள்ளிக்கூடத்துல விழுந்துட்டா... வலது கை. மணிக்கட்டு... எக்ஸ்ரே எடுத்தாச்சு, லேசா விரிசலாம். மாவுக்கட்டுப் போடணும்னு உக்கார வச்சிருக்காங்க... ம்... ம்... அழுது அழுது இப்பதான் என் மடியில தூங்கறா... உங்க கொழுந்தனாரா? குடோன் உள்ள போனை எடுத்துட்டுப் போக விடமாட்டாங்களே, சாயங்காலம்தான் தெரியும் அவருக்கு... இல்லக்கா, நீங்க கிளம்பி வரவேணாம். அதுக்குப் போடல. வேற ஒரு விஷயம்..."

வேற ஒரு விஷயம் என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். எப்படிக் கேட்பது? எட்டு மாதம் ஆயிற்று இந்த நம்பரைத் தொட்டு. கணவனின் அண்ணன் பெண்டாட்டி, சொந்த ஓரகத்தி, ஒரே வீட்டில் கீழே அவள், மேலே இவள். நடுவில் பதினேழு படி. மோட்டாரை நிறுத்து என்பதிலிருந்து சிலிண்டர் வந்துவிட்டது என்பதுவரை எல்லாச் சேதியும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வாய்வழியாகத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாவம், அந்தப் பிள்ளைகளுக்கும் கால் வலிக்காதா?

"அக்கா, எங்க வீட்டுக் கதவு... நீங்களே பூட்டிட்டீங்களா? ஓடியாந்த வேகத்துல அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்... சரி. சரி. அந்தச் சாவியை எடுத்துட்டுக் கொஞ்சம் மேல போறீங்களா?... தண்ணி இல்ல, காஸ் இல்ல. என் மேஜை மேல அந்தப் பொட்டி..."

வாயில் வந்துவிட்டது. அந்த வார்த்தைதான். சட்டென்று மாற்றினாள்.

"...லேப்டாப். லேப்டாப் திறந்தபடி இருக்கும். அதுல ஒரு வேலை. பன்னெண்டு மணிக்குள்ள செய்யணும். நான் சொல்றதை நீங்க டைப் பண்ணினா போதும்... தெரியும்கா. தெரியும். உங்களுக்குப் பழக்கமில்லைன்னு தெரியும். வேற யாரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

பொய்யில்லை. தெரிந்தவர்கள் நாலு பேருக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இந்த நம்பருக்கு வந்தாள். ஒருவர் மீட்டிங்கில், ஒருவர் பைக்கில், இரண்டு பேர் எடுக்கவே இல்லை. தன் போனிலேயே செய்துவிடலாமென்று ஒற்றைக் கையால் அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். மடியில் குழந்தை, இடது கையில் அவள் தலை. கட்டளை அடிக்கிற கறுப்புக் கட்டத்தில் நாலு எழுத்து அடிப்பதற்குள் கட்டமே கீழே போய் ஒளிந்துகொண்டது. உடம்பில் தெம்பும் இல்லை. காலை நாலரைக்கு எழுந்தவள், இன்னும் பல்லில் ஒரு பருக்கை படவில்லை.

"ஏறிட்டீங்களா?... மெதுவா ஏறுங்க, உங்களுக்கு முட்டி வலி இருக்குல்ல... பாப்பா சொன்னா... ஆமா, அவ எல்லாத்தையும் சொல்லிடுவா... இதே மாதிரி எங்க வீட்டுக் கதையும் அங்க வந்துரும்னு தெரியும்... சரி, உக்காந்துக்கோங்க. அந்த நாற்காலி ஒரு பக்கம் சாயும், பாத்து... ஆமா. ஆமா. அதுலதான் நாள் பூரா உக்காந்திருக்கேன்... என்ன தெரியுது?... 'புதுசா உருவாக்கு'ன்னு ஒரு பச்சைப் பட்டன் இருக்கும், இங்கிலீஷ்ல 'கிரியேட்'டுனு இருக்கும்... அழுத்துங்க. சுத்துதா?... சுத்தட்டும். அது ஒரு நிமிஷம் ஆகும்."

"யாருக்குன்னா... ஒரு பிசியோதெரபி மேடம். மூட்டு வலி, முதுகு வலின்னு வர்றவங்க பேர், நோய், என்ன சிகிச்சைன்னு எல்லாம் எழுதி வைக்க ஒரு வெப்சைட். பிஎச்பின்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷையில எழுதினது... ஆமா, நானேதான். வேற யாரு? ஆபீஸை விட்ட பிறகு என் பேர்ல வந்த முதல் வேலைக்கா இது. பன்னெண்டு மணிக்கு அவங்க பார்ட்னருங்க ரெண்டு பேர் முன்னாடி திறந்து காட்டப் போறாங்க. இன்னிக்கு ஒருநாள்தான் மூணு பேரும் ஒண்ணா இருக்காங்களாம். தள்ளிப் போடச் சொல்லி கேட்டுட்டேன், முடியாதுன்னுட்டாங்க. திறக்கலன்னா, வேற ஆள்கிட்ட போயிடுவாங்க. அவ்வளவுதான்... எழுதி முடிச்சு ஒரு மாசம் ஆச்சு. அதை ஓட வைக்கற இடம்தான் போச்சு... போச்சுன்னா... அக்கா, அது நம்ம வீட்ல ஓடல. எங்கயோ இருக்கற பெரிய மிஷின்ல வாடகை மாதிரி ஒரு மூலை குடுப்பாங்க. ஒரு மாசம் எட்டிப் பாக்கலன்னா அந்த மூலையைச் சுத்தமா துடைச்சிடுவாங்க. துடைக்கப் போறோம்னு மெயிலும் போட்டிருக்காங்க, நான்தான் பாக்கல. நான் எழுதினது வேற இடத்துல பத்திரமா இருக்கு. புது மூலை பிடிச்சு, அதைக் கொண்டுபோய் வச்சு, ஓட விடணும். இன்னிக்குக் காலையில அதைச் செய்யலாம்னு உக்காந்தப்பதான் பள்ளிக்கூடத்துலேர்ந்து போன்... ம்... அதான்... அதான் விதி."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள் பெரியவள். இவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த கிழவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். குழந்தைக்குக் கை உடைந்து கிடக்கிறது, இவள் என்னவோ பச்சைப் பட்டன் என்கிறாளே என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

"நின்னுடுச்சா? கீழ கறுப்பா ஒரு கட்டம் வந்திருக்கும். அதுல தட்டுங்க. கோடு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு மின்னுதா?... சபாஷ். இப்ப நான் எழுத்து எழுத்தா சொல்றேன். சி... ஓ... எம்... பி... ஓ... எஸ்... ஈ... ஆர். கொஞ்சம் இடம் விட்டு, ஐ... என்... எஸ்... டி... ஏ... எல்... எல். பெரிய பட்டன், என்டர்... ஓடுதா? நிறைய ஓடுதா?... பயப்படாதீங்க, ஒண்ணும் உடையல. தேவையான சாமானெல்லாம் கொண்டாந்து இறக்குது. ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்."

ரெண்டு மூணு நிமிஷம். அதுவரை என்ன பேசுவது? எட்டு மாதமாகப் பேசாதவர்களுக்கு மூன்று நிமிஷம் என்பது ஒரு யுகம்.

"...ம்... ம்... மாவுக்கட்டு எத்தனை நாள்னு தெரியல... நாலு வாரம் இருக்கும்... உங்க பையனுக்குப் போட்டப்ப ஆறு வாரமா?... ஞாபகமிருக்கு. நான்தானே அவனுக்குப் பரீட்சைக்கு எழுதிக் குடுத்தேன்... ஆமா... என்ன?... தினமுமா? தினமும் இதேதான்கா. இது சும்மா அடுப்பைப் பத்த வைக்கறது. சமையல் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல... ம்... கழுத்து வலிக்குதா? அதுக்குள்ளேயா! பத்து நிமிஷம்தானே ஆச்சு... ம்... வலிக்கும்."

இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். 'அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சொன்னீர்களே' என்று நாக்கு நுனிவரை வந்தது. உறவுக்காரர்கள் எல்லாம் கூடியிருந்த ஒரு விசேஷத்தில், சின்னவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரோ கேட்க, நாள் பூரா வீட்டில் உட்கார்ந்து பொட்டி தட்டுகிறாள் என்று பெரியவள் சொன்னாள். கூடம் முழுக்கச் சிரித்தது. இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியவள்தான். இப்போது அதைக் கிளறினால் பன்னிரண்டு மணிக்கு எதுவும் நடக்காது. விழுங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா? சரி, அடுத்தது. இது கொஞ்சம் கவனமா. அமைப்புக் கோப்புன்னு ஒண்ணு இருக்கு, மாதிரிக்கு வச்சிருக்கறதை நகல் எடுக்கணும். சி... பி... இடைவெளி... புள்ளி... ஈ, என், வி... புள்ளி... ஈ, எக்ஸ், ஏ, எம், பி, எல், ஈ... இடைவெளி... புள்ளி... ஈ, என், வி. என்டர்... என்ன சொல்லுது?... அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குதா? இருக்காதே... திரும்ப அடிங்க... அதேவா?... என்ன அடிச்சீங்கன்னு எழுத்துக் கூட்டிப் படிங்க... சி, பி... ஐ... டி... ஏ... ஐ... நில்லுங்க, நில்லுங்க. ஐ டி ஏ ஐ எங்கேர்ந்து வந்துச்சு?... அப்புறம்?... வி, ஈ, எல், ஐ... பி, யூ, எல், எல்..."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"அக்கா! இடைவெளின்னா இடைவெளின்னு எழுதிட்டீங்களா!... புள்ளின்னும்?... அய்யோ கடவுளே... இல்ல, திட்டல, திட்டல... நீங்க சரிதான், நான் சொன்னதைத்தான் அடிச்சீங்க, நான்தான் ஒழுங்கா சொல்லல... சிரிக்கல அக்கா. சத்தியமா சிரிக்கல... சரி, கொஞ்சம் சிரிச்சேன்."

குழந்தை தூக்கத்தில் அசைந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை, இரண்டுக்கும் ஒரே களைப்புத்தான். சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து என்றது.

"இடைவெளின்னா அந்த நீளப் பட்டன். புள்ளின்னா வாக்கியம் முடிஞ்சா வைப்போமே, அது... ஆமா... ஆமா... திரும்பச் சொல்றேன்... ஒண்ணுமே சொல்லலையா? அப்ப சரி. ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தம்... ஆமா, நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரிதான்."

"இப்ப அந்த வெப்சைட்டுக்கு ஒரு ரகசியச் சாவி. பி, எச், பி. நீளப் பட்டன். ஏ, ஆர், டி, ஐ, எஸ், ஏ, என். நீளப் பட்டன். கே, ஈ, ஒய், ரெட்டைப் புள்ளி, ஒண்ணுக்கு மேல ஒண்ணு... ஷிப்ட்டை அழுத்திட்டு... ஆமா... ஜி, ஈ, என், ஈ, ஆர், ஏ, டி, ஈ... பச்சையா வந்துச்சா! அக்கா, நீங்க பரவால்லையே. எங்க ஆபீஸ்ல புதுசா வந்த பசங்க இதுக்கே அரைநாள் எடுத்துப்பாங்க."

"அடுத்தது அதே மாதிரி. பி எச் பி, இடம், ஏ ஆர் டி ஐ எஸ் ஏ என், இடம், எம், ஐ, ஜி, ஆர், ஏ, டி, ஈ, இடம்... இப்ப ரெண்டு சின்னக் கோடு, படுத்த கோடு, ஒட்டி ஒட்டி... அதோட ஒட்டியே எஸ், ஈ, ஈ, டி... சீடுன்னா விதைதான்... வெறும் பக்கமா காட்டினா நல்லாவா இருக்கும்? அதனால சும்மா அஞ்சு நோயாளி இருக்கற மாதிரி நாமளே பேர் போட்டு வச்சிருப்போம். அது அதைக் கொண்டுபோய் உள்ள போடும்... கேள்வி கேக்குதா? ஆமா, ஆமா, யெஸ் குடுங்க. யெஸ்... முடிஞ்சுதா? இன்னும் ஒரே வரி. பி எச் பி, ஏ ஆர் டி ஐ எஸ் ஏ என், எஸ், ஈ, ஆர், வி, ஈ... ஓரத்துல ஒரு சின்னக் கட்டம் வந்து 'திற'ங்குதா? 'ஓப்பன்'னு... தட்டுங்க... வந்துச்சா?... வந்துருச்சா! நீலப் பட்டை, மேல கிளினிக் பேரு?... அக்கா, உங்களுக்குக் கோயில் கட்டணும்... கீழ அஞ்சு பேர் தெரியறாங்களா? சரியா வந்திருக்கான்னு பாக்கணும், முதல் பேரைப் படிங்க..."

அந்தப் பக்கம் பெரியவள் படித்தாள்.

"வேணாம். அக்கா, படிக்காதீங்க. அதை மூடுங்க... இல்ல, மூடாதீங்க, ஐயோ... அக்கா... அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

ஒரு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம். மாதிரிக்கு ஐந்து நோயாளி வேண்டும். அன்றைக்குத்தான் காயப்போட்ட துணி விஷயமாகக் கீழேயிருந்து பிள்ளைகள் மூலம் சுடச்சுட ஒரு சேதி வந்திருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று கை போன போக்கில் அடித்தாள். பெயர்: கீழ்வீட்டு மகாராணி. வயது: தொண்ணூற்றொன்பது. நோய்: நாக்கு நீளம். சிகிச்சை: வாய்க்கு மாவுக்கட்டு, ஆறு வாரம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்கிற கிறுக்குத்தனம்தான், மாதிரி விவரத்தில் மனதில் இருப்பதைக் கொட்டுவது. மற்றவர்கள் மறக்காமல் அழித்துவிடுவார்கள். இவள் மறந்துவிட்டாள். மறந்ததோடு நிற்காமல், எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்து, பெரியவள் கையாலேயே அதை உள்ளே போடவும் வைத்திருக்கிறாள்.

"அக்கா... ஆமா. நான்தான் எழுதினேன்... ஆமா, உங்களைத்தான்... வேற யாரோன்னு சொல்ல மாட்டேன். சொன்னாலும் நம்ப மாட்டீங்க... கோவம்கா... ம்... ம்... வயசு சும்மா போட்டது... சும்மாதான்கா, வேணும்னா போடல, சரி, வேணும்னுதான் போட்டேன்... ம்... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா போனை மட்டும் வச்சுடாதீங்க... அந்த வரிக்கு நேரா 'அழி'ன்னு ஒரு குப்பைத் தொட்டி படம் இருக்கும். அதை அழுத்திடுங்க. மணி பதினொண்ணு அம்பது ஆச்சு... ரெண்டாவதா? ரெண்டாவது பேரு..."

நர்ஸ் ஒருத்தி தட்டோடு கடந்து போனாள். இவள் குரல் இறங்கிப் போயிற்று.

"ரெண்டாவது 'பொட்டி தட்டுறவ'ன்னு இருக்கும். முதுகு வலி, கழுத்து வலி, மன வலின்னு இருக்கும்... அது நான்தான்கா. நீங்க வச்ச பேரு... ஞாபகமில்லையா? எனக்கு இருக்கு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ராத்திரி பகலா கண்ணு எரிய உக்காந்து செய்யற வேலையை நீங்க ஒரு வார்த்தையில ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க. வேற யார் சொல்லியிருந்தாலும் எனக்கு வலிச்சிருக்காது. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப நீங்கதானே எனக்கு எல்லாமே... அதான் வலிச்சுது. அதான் எட்டு மாசம்."

சொல்லிவிட்டாள். சொன்னதும் தோளிலிருந்து என்னவோ இறங்கின மாதிரி இருந்தது, கூடவே பயமும் வந்தது. அந்தப் பக்கம் பெரியவள் எதையோ டொக்கென்று வைத்த சத்தம். போனை மேஜைமேல் வைத்துவிட்டாள் போல.

"அக்கா?... அக்கா, பன்னெண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கு... போயிட்டீங்களா?"

டக். கொஞ்சம் இடைவெளி. டக். டக். ஒற்றை விரலில் யாரோ தட்டுகிற சத்தம்.

"என்ன டைப் பண்றீங்க?... அழிக்கறதுக்கு டைப் பண்ண வேணாம்கா, ஒரே அழுத்து... அக்கா, பேசுங்க, என்ன பண்றீங்க அங்க?... 'மாற்று'ங்கற பட்டனைத் தொட்டீங்களா?... சேவ் பண்ணிட்டீங்களா? என்னத்தை?... சரி. சரி, கேக்கல. பழைய பக்கத்துக்கு வாங்க, கீழ 8000னு ஒரு வரி இருக்கா? பக்கத்துல பூட்டுப் படம் போட்டிருக்கும். இப்ப இந்த வெப்சைட் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுல வலது பக்கம் அழுத்தினா 'பிரைவேட், பப்ளிக்'னு வரும்... பப்ளிக். எல்லாரும் பாக்கலாம்னு... பூட்டுப் போயிடுச்சா? அந்த வரியில இருக்கற முகவரியை நகல் எடுத்து, பக்கத்துல திறந்திருக்கற வாட்ஸப்ல ஒட்டி எனக்கு அனுப்புங்க... ம்... வந்துருச்சு. இருங்க, மேடத்துக்குத் தள்ளி விடறேன்... போயிடுச்சு. நானும் திறக்கறேன்."

திறந்தாள். நீலப் பட்டை, கிளினிக் பெயர். கீழே ஐந்து வரி. மூன்று, நாலு, ஐந்து அப்படியே இருந்தன, அவை ஒழுங்கான கற்பனைப் பெயர்கள். இரண்டாவது வரியில் 'பொட்டி தட்டுறவ' இல்லை. அந்த இடத்தில் இவள் பெயர் இருந்தது. வீட்டில் யாரும் கூப்பிடாத, பள்ளிச் சான்றிதழில் இருக்கிற முழுப்பெயர், இனிஷியலோடு, இங்கிலீஷ் எழுத்தில். பக்கத்தில் இவள் படித்த பட்டம். அது பெரியவளுக்கு எப்படித் தெரியும்?

முதல் வரியில் 'கீழ்வீட்டு மகாராணி' அப்படியே இருந்தது. வயது மட்டும் நாற்பத்துநாலு ஆகியிருந்தது. நாக்கு நீளத்தில் பெரியவள் கை வைக்கவில்லை.

"அக்கா... நாக்கு நீளத்தை அழிக்கலையே நீங்க... ஏன்கா?... உண்மைதானேன்னா? அப்படிச் சொல்லாதீங்க... இருக்கட்டும்னா எப்படி, மேடம் பாத்தா என்ன நினைப்பாங்க... வேணாம்கா, என்னால தாங்க முடியல... அழல. மூக்கடைப்பு... நாற்பத்துநாலு இல்லையே, நாற்பத்தாறுல்ல நீங்க?... சரி சரி, நாற்பத்துநாலு. இருங்க, மேடம் மெசேஜ். படிக்கறேன்... திறந்துடுச்சாம். வேகமா இருக்காம், பார்ட்னருங்களுக்குப் பிடிச்சிருக்காம். மிச்சத்தை நாளைக்கு நேர்ல பேசலாமாம்... கீழ ஒண்ணு கேட்டிருக்காங்க, சிரிக்கற பொம்மை போட்டு. நாக்கு நீளத்துக்கெல்லாம் நாங்க வைத்தியம் பாக்கறதில்லையேங்கறாங்க... நான் என்ன பதில் போடட்டும்?... என்னது?... அப்படியேவா?... நோயாளி வீட்லயே வைத்தியம் பாத்துக்கிட்டாங்கன்னா?... போட்டுட்டேன்."

உள்ளேயிருந்து குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். ஒரு கால் மரத்துப் போயிருந்தது.

"அக்கா, கட்டுப் போடக் கூப்பிடறாங்க. பாப்பா முழிச்சுட்டா... பெரியம்மாதான்டா... ஆமாடா, நிஜமாவே பெரியம்மாதான்... வைக்கட்டுமா?... நீங்க வைங்க... இல்ல, நீங்க முதல்ல வைங்க... சரி, நான் வைக்கல... மாவு ஈரமா இருக்கும், ஆமா... ஆட்டாம பிடிச்சுக்கறேன்... ஆமா, சாப்பிடல இன்னும்... இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்... கீழேயேவா?... சரிக்கா... இல்ல, வைக்கல, பையில போட்டுக்கறேன், நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருங்க... இந்தா, பாப்பா, பெரியம்மாகிட்ட பேசு... அக்கா?... ஹலோ?... ஹலோ?"

போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். லைன் போயிருந்தது. இவள் வைக்கவில்லை. கையிலேயே அது திரும்ப அடித்தது, கீழ்வீட்டு நம்பர்.